முன்னும் பின்னும் ஒன்றுபோல்: தார்வாடு தந்த கசூத்திப் பூவேலை

பெங்களூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான அம்மாள் ஒருவர், கேட்காமலே என் முந்தானையை எடுத்து, மேல்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று திருப்பிப் பிடித்தார்.

"கசூத்தி என்று சொல்லி விற்றார்களா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன், சற்றுப் பெருமையாகத்தான்.

"நோடவ்வா, இது மிஷின்" என்று சொல்லிப் பின்பக்கத்தைக் காட்டினார். மேலே சிவப்பும் பச்சையுமாக மயில் நின்றது. அடியிலோ வெள்ளை நூல் கன்னாபின்னாவென்று ஓடியிருந்தது. ஓரங்களில் ஒட்டுக் காகிதத் துணுக்குகள்கூட இருந்தன. விற்ற கடைக்காரர் மேல் கோபம் வந்தது. அதைவிட, ஆறு வருஷம் இந்த மாநிலத்தில் குடியிருந்தும் இதன் தையல் எது என்று தெரியாமல் இருந்தோமே என்ற வெட்கம்தான் அதிகம்.

விசாரித்ததில், அந்த அம்மாள் எங்கள் அடுத்த தெருதான். தார்வாடுக்காரர். மகன் வீட்டில் தங்கியிருக்கிறார். தெருவே அவரை 'அஜ்ஜி' என்றுதான் கூப்பிடுகிறது. மறுவாரம் மேட்டித் துணியும் ஊசியுமாகப் போய் நின்றேன். அங்கே கற்ற பாடத்தைத்தான் சகோதரிகளோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கையும் நூலும்

கசூத்தி வட கர்நாடகத்தின் கைப்பூவேலை. தார்வாடு, பெலகாவி, விஜயபுரா, பாகல்கோட் மாவட்டங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவது. கையையும் பருத்தி நூலையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து இப்பெயர் வந்தது என்பர். இல்கல் சேலையின் முந்தானையிலும் ரவிக்கையிலும் குழந்தைகளின் குல்லாயிலும் இதைக் காணலாம்.

அந்நாளில் மணப்பெண்ணின் சீரில் 'சந்திரகாளி' என்னும் கருப்புப் பட்டுச்சேலை ஒன்று இருக்கும். அதில் கசூத்தி வேலை இருந்தாக வேண்டும். கல்யாணத்தில் கருப்பா என்று நம்மவர்கள் திகைக்கலாம். நம்மில் சில குடும்பங்களில் வளைகாப்புக்குக் கருப்புச் சேலை உடுத்துவதை நினைத்துக்கொண்டால் திகைப்பு தீர்ந்துவிடும். இன்று கசூத்திக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எண்ணத் தெரிந்தால் போதும்

நாம் பள்ளியில் படித்த பூத்தையலில் முதல் வேலை என்ன? கார்பன் காகிதம் வைத்துப் படத்தைத் துணியில் இறக்குவது. அதன் மேல் காம்புத் தையலோ சங்கிலித் தையலோ போட்டுக்கொண்டே போகலாம். கசூத்தியில் அந்தப் பேச்சே இல்லை. பென்சில் கோடுகூடத் துணியில் படாது. பாவு இழையையும் ஊடு இழையையும் கண்ணால் எண்ணி, எண்ணிக்கைப்படி ஊசியை இறக்கி ஏற்ற வேண்டும். நூலின் நுனியில் முடிச்சும் கூடாது. நுனியைக் கொஞ்சம் விட்டுப் பிடித்து, அடுத்த தையல்களுக்குள் அதை மறைத்துவிடுகிறார்கள்.

அஜ்ஜி வாய்விட்டு எண்ணுவார்: "ஒந்து, எரடு, மூரு, நால்கு." நானும் கூடவே சொல்வேன். நம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்குக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? காய்கறிக்காரரிடம் பேசிக் கற்ற கன்னடத்தைவிட, துணியில் இழை எண்ணிக் கற்ற கன்னடமே என் நாக்கில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

நான்கு தையல்கள்

கசூத்திக்கு அடிப்படைத் தையல்கள் நான்கே. முதலாவது கவந்தி. முடிச்சு என்று பொருள்படும் கன்னடச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்கிறார்கள். முடிச்சே போடாத வேலைக்கு இப்படி ஒரு பெயர்! நான்கு இழைக்கு மேலே, நான்கு இழைக்குக் கீழே என்று ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே கோட்டின் கடைசிவரை போக வேண்டும். பிறகு அதே துளைகள் வழியாகத் திரும்பி வர வேண்டும். போகும்போது விட்ட இடைவெளிகள் திரும்பும்போது நிறைந்துவிடும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கோடு. ஐரோப்பாவிலும் இத்தையல் உண்டு. ஹான்ஸ் ஹோல்பைன் (1497-1543) என்ற ஓவியர் வரைந்த உருவப்படங்களின் உடைகளில் இது காணப்படுவதால், அவர் பெயராலேயே அங்கே அதை அழைக்கிறார்கள்.

இரண்டாவது முர்கி. இதுவும் போய்த் திரும்பும் தையல்தான். ஆனால் படிக்கட்டுபோல் ஏறி இறங்கி நடக்கும். இதுவும் இருபுறமும் ஒன்றுபோலவே தெரியும்.

மூன்றாவது நெய்கி. நெசவு என்று பொருள். சிறிதும் பெரிதுமான ஓட்டுத் தையல்களை நெருக்கி வரிசையாகப் போட்டால், தறியிலேயே நெய்ததுபோல் இருக்கும்.

நான்காவது மெந்தி. வெந்தயத்துக்குக் கன்னடத்தில் மெந்தே என்று பெயர். வெந்தயம் இறைத்ததுபோல் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். நாம் கிராஸ் ஸ்டிச் என்கிறோமே, அதேதான். இடத்தை அடைத்து நிரப்ப இது உதவும். நெய்கியும் மெந்தியும் பின்பக்கத்தில் வேறு மாதிரிதான் தெரியும்.

கோலம் தெரிந்தவருக்குப் பாதி பாடம் முடிந்தது

கேட்க எளிதாக இருக்கிறது. கிளைவிட்ட ஒரு செடியைத் தைக்கும்போதுதான் கஷ்டம் புரியும். தண்டில் ஏறும்போதே ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நடை போய், அதன் நுனியைத் தொட்டுத் திரும்பி, மறுபடி தண்டைப் பிடிக்க வேண்டும். முடிவில் ஒவ்வொரு கோட்டின் மீதும் ஊசி இரண்டு தடவை நடந்திருக்கும்: முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. கிளையை மறந்துவிட்டு மேலே போய்விட்டால் பிறகு தாவித்தான் வர வேண்டும். தாவினால் பின்பக்கத்தில் நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடும் நம் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதா என்ன? எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்பினால் இழை தொடங்கிய இடத்தில் வந்து சேரும் என்பது நம் கைக்குத் தெரிந்த சங்கதியாயிற்றே!

மற்றொரு தமிழ்நாட்டு உறவும் உண்டு. நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் தடித்த வெள்ளைத் துணியில் சிவப்பு, கருப்பு நூலால் செய்யும் பூவேலையும் வரைபடம் இல்லாமல் இழை எண்ணிச் செய்வதுதான். அதற்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோட்டம் துணிக்கு வந்த விதம்

கசூத்தியில் கோபுரம், தேர், பல்லக்கு, துளசி மாடம் இருக்கும். தாமரை, மயில், கிளி, அன்னம், யானை, மான், அணில் இருக்கும். வீட்டு வாசலில் உட்கார்ந்த பெண்ணின் கண்ணுக்குப் பட்டதும், கோயிலுக்குப் போனபோது பார்த்ததும் துணிக்கு வந்துவிட்டன என்று சொல்லலாம். பூனையும் நாயும் மட்டும் எப்படியோ விடுபட்டுப் போயின.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இழை எண்ணிப் போகும் தையலில் வளைவு கிடையாது. நேர்கோடு, குறுக்குக்கோடு, சாய்கோடு, இவ்வளவுதான். மயிலின் கழுத்தோ முழுக்க வளைவு. என்ன செய்வது? சாய்கோட்டில் ஏறி, ஒரு படி நேராக நின்று, மறுபடி சாய்ந்து, கழுத்து என்று கண் நம்பும் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். எதை விட்டாலும் மயில் மயிலாக இருக்கும், எதை விட்டால் கோழியாகிவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். கொண்டையையும் தோகையையும் விடக்கூடாது என்பது அஜ்ஜியின் தீர்ப்பு.

என் முதல் மயில் கோழியாகத்தான் வந்தது. அதுவும் ஓரிடத்தில் நான்கு இழைக்குப் பதில் மூன்றை எண்ணிவிட்டேன். மூன்று சாயங்காலம் கழித்துத்தான் தெரிந்தது. தோகை கழுத்தைத் தாண்டிப் போய் நின்றது. "பிரி" என்றார் அஜ்ஜி. பிரித்தேன். தப்பை மூடி மறைக்க இந்தத் தையலில் வழியே இல்லை.

வீட்டில் தொடங்க

தொடங்குகிறவர்களுக்கு மேட்டித் துணியே உகந்தது. அதில் கட்டங்கள் தெளிவாக இருப்பதால் ஒவ்வொரு இழையாக எண்ணிக் கண் நோக வேண்டாம். முனை மழுங்கிய ஊசி நல்லது, இழையைக் குத்திப் பிளக்காது. எம்பிராய்டரி நூலின் ஆறு இழைகளில் இரண்டைப் பிரித்தெடுத்தால் போதும். முதலில் கவந்தியில் ஒரு நேர்கோடு, பிறகு ஒரு சதுரம், பிறகு ஒரு கிளை. அதன் பிறகு கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நீங்களே ஒரு படம் வரைந்து பாருங்கள். ஒரு கட்டம் ஒரு தையல் என்பது கணக்கு.

இழை எண்ண முடியாத நெருக்கமான பட்டில் செய்ய வேண்டுமானால், மேலே வலைத்துணியை வைத்து ஓட்டுத் தையலால் இருத்திக்கொண்டு, அதன் கட்டங்களை எண்ணித் தைப்பார்கள். வேலை முடிந்ததும் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிடுவார்கள்.

திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கசூத்தி நிறைந்த ஒரு முந்தானைக்கு வாரக்கணக்கில், நெருக்கமான வேலையானால் மாதக்கணக்கில்கூட ஆகும். மிஷினோ ஒரே நாளில் பல சேலைகளை முடித்துவிடும். மிஷின் வேலையை மிஷின் வேலை என்று சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. கசூத்தி என்று சொல்லி விற்கும்போதுதான், கண்ணைக் கரைத்துத் தைத்தவளின் விலை விழுகிறது. "இதைவிடக் குறைவாக அங்கே கிடைக்கிறதே" என்று நாம் பேரம் பேசும்போது, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே சேலையைத் திருப்பிப் பாருங்கள். கவந்தியும் முர்கியும் இருபுறமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நூல் தாவல், முடிச்சு, வேறு நிற அடிநூல், ஒட்டுக் காகிதம் இவை கண்ணில் பட்டால் கேளுங்கள். நெய்கியும் மெந்தியும் பின்பக்கம் மாறித் தெரிவது இயல்பு என்பதால், அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல வேண்டாம்.

பாதி மயில்

ஒரு நாள் அஜ்ஜி பெட்டியைத் திறந்து ஒரு கருப்புப் பட்டுச்சேலையை எடுத்தார். பேத்தியின் கல்யாணத்துக்கென்று அவர் தொடங்கிய சந்திரகாளி. முந்தானையில் கோபுரமும் துளசி மாடமும் முடிந்திருந்தன. கடைசி மயில் மட்டும் புள்ளிப் புள்ளியாக, விட்டு விட்டு நின்றது. போகும் நடையை முடித்துவிட்டார். திரும்பும் நடைக்குக் கண் ஒத்துழைக்கவில்லை. கருப்பில் இழை தெரியவில்லை என்றார். பேத்திக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊசி பிடிக்க நேரமில்லை.

"இனி எண்ண வேண்டியதே இல்லை. துளை இருக்கிறது. நீ திரும்பி வந்தால் போதும்" என்று சேலையை என் மடியில் வைத்தார். கை நடுங்கத்தான் செய்தது. ஒன்பது சாயங்காலம் ஆயிற்று. முடித்துக் கொடுத்தபோது அவர் மேல்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. திருப்பி வைத்து, விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். தோகை, கழுத்து, கொண்டை என்று தடவி முடித்துவிட்டு, "சரி" என்றார். பிறகு சேலையை மடித்தார்.

கல்யாணத்தன்று அந்தப் பெண் சந்திரகாளியை உடுத்தி வந்தாள். முந்தானையை இரு விரலால் திருப்பி, தன் தோழிகளுக்கு அவள்தான் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்டித் துணியுடன் அவளும் வந்து உட்கார்ந்தாள்.

இப்போது என் கையில் இருப்பது ஓர் அணில். எங்கள் ஜன்னலுக்கு வெளியே உள்ள புங்கமரத்தில் தினமும் ஓடுவது. முதுகின் மூன்று கோடுகளுக்குக் கவந்தி, சிலிர்த்த வாலுக்கு முர்கி. கணக்கு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். உங்கள் ஜன்னலில் என்ன தெரிகிறதோ, அதிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.