குழந்தை பாடுகிறது, குறுக்கே பேசாதீர்கள்!

"இந்தக் குழந்தைக்குச் சங்கீதம் வராது!"

எத்தனையோ வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கிறது. சாட்சி விசாரணை கிடையாது, அப்பீலும் கிடையாது. ஆறு வயதில் இப்படித் தீர்ப்புப் பெற்றவர், அறுபது வயதிலும் குளிக்கும் அறையில்கூட வாய் திறக்கத் தயங்குவதுண்டு. ஆனால் தீர்ப்புச் சொன்னவர்களில் எத்தனை பேர், அந்தக் குழந்தை தனியாக விளையாடும்போது என்ன முணுமுணுக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்?

அப்படிக் கேட்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. பண்புசார் ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர். பெயரைக் கண்டு பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்! எண்ணிக்கையில் அடங்காத விஷயங்களைப் பார்த்தும், கேட்டும், பேசியும் அறிந்துகொள்வது, அவ்வளவுதான்.

கிராமபோன் வைத்த பரீட்சை

இசைக் கல்வியில் முதலில் புகழ் பெற்றவர்கள் அளக்கிறவர்கள். அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் கார்ல் சீஷோர் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். 1919-ல் அவர் சங்கீதத் திறமையை அளக்க ஒரு பரீட்சையை வெளியிட்டார். கிராமபோன் தட்டில் இரண்டு சுரங்கள் ஒலிக்கும். இரண்டாவது சுரம் முந்தியதைவிட உயர்ந்ததா, தாழ்ந்ததா? அடுத்த ஓசை பலமானதா, மெல்லியதா? விடை எழுதினால் மார்க்கு!

காதின் கூர்மையை அளக்க இது நல்ல உபாயந்தான். ஆனால் காதின் கூர்மை வேறு, சங்கீதம் வேறு அல்லவா? ஒரு குழந்தை எப்போது பாடுகிறது, எதற்காகப் பாடுகிறது, யாரிடம் கற்கிறது என்பதற்கெல்லாம் மார்க்குப் பட்டியலில் இடம் இல்லை.

பாடம் நடத்தாத பள்ளிக்கூடம்

1937-ல் கலிபோர்னியாவில், ஸான்டா பார்பரா என்ற ஊரில், ஒரு விசித்திரமான சிறுவர் பள்ளி தொடங்கிற்று. அதை நடத்தியது பில்ஸ்பரி அறக்கட்டளை. கிளாடிஸ் மூர்ஹெட் என்ற அம்மையாரும், டொனால்ட் பாண்ட் என்ற இசையமைப்பாளரும் பொறுப்பேற்றார்கள். கீழ்த்திசை நாட்டுச் சேகண்டிகள், பலவித மேளங்கள், தட்டினால் சுரம் பேசும் மரக்கட்டை வாத்தியங்கள் எல்லாம் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டன. "இப்படி வாசி, அப்படிப் பாடு" என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. பெரியவர்களின் வேலை கவனிப்பதும் குறித்துக்கொள்வதுந்தான். குழந்தைகள் பாடியதைப் பாண்ட் சுரக் குறிப்பாக எழுதிக்கொண்டார்.

என்ன தெரிந்தது? ஒன்று, குழந்தை தனக்குத் தானே பாடிக்கொள்ளும் பாட்டு. அது தாளக் கட்டுக்கு அடங்காமல் தன் போக்கில் அலையும். மற்றொன்று, கூடி விளையாடும்போது பேச்சே ராகமாக நீண்டு, உடம்பின் அசைவோடு சேர்ந்து, திரும்பத் திரும்ப வரும் கோஷம். பெரியவர்கள் "என்ன இரைச்சல்!" என்று அதட்டி அடக்குகிற சமாசாரத்தில் தாளமும் ஒழுங்கும் இருந்தன! 1941-ல் வெளிவந்த அவர்களுடைய முதல் அறிக்கையே இந்தக் கோஷத்தைப் பற்றியதுதான். 1948-ல் பள்ளி மூடப்பட்டது. கடைசி அறிக்கை 1951-ல் வெளிவந்தது.

சங்கீதம் தெரிந்தவருக்கு வந்த சங்கடம்

இன்று பல நாடுகளில் இசை ஆசிரியராகப் பயிலுகிறவர்கள் இந்த ஆராய்ச்சி முறையையும் கற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நன்றாகச் சங்கீதம் தெரிந்தவருக்குத்தான் இது அதிகக் கஷ்டம். அபசுரம் காதில் விழுந்தால் திருத்தாமல் இருக்க முடியாதே! ஆனால் திருத்திய அந்தக் கணமே குழந்தை மௌனமாகிவிடும். அல்லது நமக்குப் பிடித்த மாதிரி பாடத் தொடங்கிவிடும். ஆராய வந்த பொருள் பறந்துபோய்விடும்.

ஆகையால் முதல் பாடம் நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பமாகிறது. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப் பக்கம் கண்டதும் கேட்டதும்; வலப் பக்கம் நாம் நினைத்தது. "சிறுமி சந்தோஷமாகப் பாடினாள்" என்று இடப் பக்கம் எழுதக் கூடாது. சந்தோஷம் என்பது நம் ஊகம். "மரத்தைச் சுற்றி மூன்று தடவை ஓடினாள், ஒரே வரியை ஆறு தடவை பாடினாள், தோழி வந்ததும் நிறுத்தினாள்" என்று எழுத வேண்டும்.

இரண்டாவது பாடம் கேள்வி கேட்பது. "உனக்குப் பாட்டுப் பிடிக்குமா?" என்றால், "பிடிக்கும்" என்று பதில் வரும், அத்துடன் பேச்சு முடிந்தது. "நேற்று வீட்டுக்குத் திரும்பும்போது என்ன பாடினாய்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் பெரிய வித்தை!

பெற்றோரிடமும் குழந்தையிடமும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பெயரை மாற்றி எழுத வேண்டும். பதிவு செய்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். பிறகு ஒத்த விஷயங்களை ஒன்று சேர்க்க வேண்டும். நம் முடிவுக்கு விரோதமான சாட்சியத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். பேசியவர்களிடமே, "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று கேட்பதும் உண்டு.

கேட்டால் வெளிவரும் ரகசியம்

வாஷிங்டன் சர்வகலாசாலையின் பட்ரிஷியா ஷீஹன் காம்ப்பெல் இப்படித்தான் விளையாட்டு மைதானத்திலும் சாப்பாட்டுக் கூடத்திலும் பொம்மைக் கடையிலும் குழந்தைகளைக் கவனித்தார். அவர்களோடு உட்கார்ந்து பேசினார். அவர்கள் தலைக்குள் ஓடும் பாட்டுகளைப் பற்றி 1998-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

லண்டனில் லூஸி கிரீன், ஜனரஞ்சக இசைக் கலைஞர்கள் 14 பேரிடம் விரிவாகப் பேசினார். இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு, நண்பர்களோடு சேர்ந்து, தாமாகவே கற்றதுதான் பெரும்பாலும் அவர்கள் கதை. ஆனால் அவர்களில் சிலர் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது அந்த வழியைக் கையாளவில்லை! தாம் கற்ற விதம் ஒரு கல்வி என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆம், இல்லை என்று குறியிடும் படிவத்தில் இந்த ரகசியம் எப்படி அகப்படும்? இந்த ஆராய்ச்சியின் பயனாக, நண்பர்கள் கூடி, பிடித்த பாட்டைக் காதால் கேட்டுக் கற்கும் முறை இங்கிலாந்துப் பள்ளிகளில் புகுந்தது. அதைப் பற்றிய அவருடைய புத்தகம் 2008-ல் வந்தது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 14 பேரிடம் பேசிவிட்டு, "நூற்றுக்கு இத்தனை பேர் இப்படி" என்று கணக்குச் சொல்ல முடியாது. அதற்கு எண்ணுகிறவர்கள் வேண்டும். ஆனால் எதை எண்ணுவது என்று சொல்ல, முதலில் கேட்கிறவர்கள் வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம், உங்கள் வீட்டுக் குழந்தை பல் தேய்க்கும்போதும், பொம்மையைத் தூங்க வைக்கும்போதும், படியில் குதித்து இறங்கும்போதும் முணுமுணுப்பதை எழுதி வாருங்கள். திருத்த வேண்டாம், புகழவும் வேண்டாம். சங்கீதம் வருமா, வராதா என்ற தீர்ப்பை எட்டாம் நாள் அந்த நோட்டைப் படித்த பிறகு சொல்லுங்கள்.