கோழிக் கழிச்சலும் புறாக்களும்

மும்பை பாண்டுப்பில், குன்றின் சரிவில் நெருங்கி நிற்கும் வீடுகளிடையே கோழி வளர்ப்போரும் உண்டு. கூரைமேல் புறாக்கூண்டு வைத்திருப்போரும் உண்டு. இவ்விரு பறவைகளையும் தாக்கும் தொத்துநோய் ஒன்றை நாம் அறிந்திருப்பது நலம். நம் ஊர்களில் வெள்ளைக் கழிச்சல் என்று அஞ்சப்படும் நோயே அது.

1926-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டதால் உலகத்தார் இதனை நியூகாசில் நோய் என்பர். ஓரிரு ஆண்டுகளுக்குள் குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் தோன்றியமையால் இந்தியாவில் இராணிக்கெட் நோய் என்ற பெயர் நிலைத்தது. இதற்குக் காரணம் ஒரு வைரஸ். நோயுற்ற கோழி இறக்கையைத் தொங்கவிட்டு, வாய் திறந்து மூச்சு வாங்கும், பச்சையும் வெள்ளையுமாய்க் கழியும், கழுத்துத் திருகிக்கொள்ளும். தடுப்பு மருந்து பெறாத கோழிகளில் நூற்றுக்குத் தொண்ணூறும் மாள்வதுண்டு.

புறாக்களை வாட்டும் வகை 1980-களில் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. நோயுற்ற புறா தானியத்தைக் கொத்த முயன்று, குறி தவறி வெறுந்தரையைக் கொத்தும், தலை நடுங்கும். 1984-இல் பிரிட்டனில் லிவர்பூல் துறைமுகக் கிடங்கிலிருந்த தீவனத்தில் இத்தகைய புறாக்கள் எச்சமிட்டன. அத்தீவனம் சென்ற பண்ணைகளில் கோழிகளுக்கு நோய் கண்டது. ஆகவே, புறாவுக்கு இறைக்கும் தானியத்தைக் கோழி பொறுக்க விடலாகாது. தீவன மூட்டையையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடி வைத்தல் வேண்டும்.

நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை; முன்னரே தடுப்பதொன்றே வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு துளி விடுவர். எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி போடுவர். மருந்தின் குளிர்ச்சி குறைந்தால் பயன் குன்றும். புறாக்களுக்குரிய தடுப்பு முறையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிக.

மனிதருக்கு இந்நோயால் பெரும்பாலும் சில நாள் கண்சிவப்பு மட்டுமே வரும். எனினும் பறவைகள் திடீரெனக் கூட்டமாக மடிந்தால் நாமே நோயைத் தீர்மானித்தல் தகாது. 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் அவ்வாறு மடிந்த கோழிகளைத் தாக்கியது பறவைக் காய்ச்சல். அது மனிதருக்கும் ஆபத்தானது. செத்த பறவையை வெறுங்கையால் தொடாமல், அறுத்துச் சமைக்காமல், கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

ஊரில் கோழி வளர்க்கும் தாயாரோடு அடுத்த முறை பேசும்போது, தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளைக் கொண்டு சென்றார்களா என்றும் நாம் கேட்கலாம். முட்டை விற்று வரும் சிறுகாசு அவர்கள் கையில் நிற்பதற்கு அக்கேள்வி உதவும்.