குடலின் குணமறிந்து வாழ்தல்

காய்ச்சல் வந்தால் அயல்வீட்டாருக்கும் சொல்லுகின்றோம். பல்வலி வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அலுவலகம் போய்வருகின்றோம். ஆனால், குடலிலே தொல்லை ஏற்பட்டால் அதனை உற்றாரிடங்கூடச் சொல்லக் கூசுகின்றோம். உண்ட சிறிது நேரத்தில் வயிற்றை முறுக்கும் வலி. வெளிக்குப் போய்வந்தபின் சற்றே ஆறுதல். சில நாள் கழிச்சல், சில நாள் மலச்சிக்கல். மாலையாகும்போது வயிறு பொருமி உடை இறுகுதல். போய்வந்தும் முற்றாகப் போகவில்லை என்ற உணர்வு. இவை மாதக்கணக்காகத் தொடர்ந்தும் வாய் திறவாதோர் நம்மிடையே பலர். கலியாண வீட்டுக்கு அழைப்பு வந்தால் ஏதேனும் சாட்டுச் சொல்லி நின்றுவிடுவர். நெடுந்தூர பஸ்ஸில் ஏறுமுன் பட்டினி கிடப்பர். காரணத்தை மட்டும் சொல்லமாட்டார்கள்.

இவர்கள் ஈற்றில் ஒருநாள் துணிந்து வைத்தியரிடம் செல்லுகின்றனர். இரத்தமும் மலமும் சோதிக்கப்படுகின்றன. வேண்டுமாயின் குடலினுள்ளே குழாய் செலுத்தியும் பார்க்கப்படுகின்றது. "பயப்பட ஒன்றுமில்லை" என்ற நற்செய்தி கிடைக்கின்றது. புற்றுநோயில்லை, புண்ணில்லை என்பதில் மகிழ்ச்சியே. ஆயினும், மறுநாட் காலையிலே பழைய வலி மீண்டும் வந்து நிற்கின்றது. "டொக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார், எல்லாம் உன்னுடைய நினைப்புத்தான்" என்று வீட்டார் சொல்லத் தொடங்குகின்றனர். நோயினுங் கொடியது இச்சொல். இந்நோய் பற்றி நாம் முதலில் தெளிய வேண்டியதும் இதுவே: சோதனையில் ஒன்றுங் காணப்படாமையும் நோய் இல்லாமையும் ஒன்றல்ல.

பெயரும் இலக்கணமும்

மேனாட்டு மருத்துவர் இதனை ஐ.பி.எஸ். என மூன்றெழுத்தாற் குறிப்பர். தமிழில் இதனை எரிச்சற்குடல் நோய் என்று பெயர்ப்பாரும் உளர். அப்பெயரைக் கேட்போர் குடல் எரிந்து புண்ணாகிவிட்டதென எண்ணுதல் கூடும். உண்மையில் அங்கே எரிவுமில்லை, புண்ணுமில்லை. சிறு தூண்டலுக்கும் மிகையாகத் துலங்கும் குடல் என்பதே அப்பெயரின் கருத்து.

இந்நோயை அறுதியிடுவதற்கு உரோம் நகரின் பெயரால் வழங்கும் அளவைகள் உள. அவற்றின் நான்காம் பதிப்பு 2016 இல் வெளிவந்தது. அதன்படி, கடந்த 3 மாதங்களிற் சராசரியாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி வந்திருத்தல் வேண்டும். அவ்வலி மலங்கழித்தலோடு தொடர்புற்றிருத்தல், கழிக்கும் தடவைகள் மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் என்னும் மூன்றனுள் இரண்டேனும் உடனிருத்தல் வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதங்களாவது சென்றிருத்தலும் வேண்டும். 26 நாடுகளில் இணையவழி வினாவி 2021 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இவ்வளவைக்குட்பட்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வராகக் காணப்பட்டனர். ஆண்களினும் பெண்களே மிகுதி. இந்நோய் குடலை அரிப்பதில்லை; புற்றுநோயாக மாறுவதுமில்லை. ஆனால், வாழ்நாளின் இன்பத்தை அரித்துவிடும் வன்மை அதற்குண்டு.

குடலுக்கும் உண்டு நரம்பு

வலி கற்பனையன்று என்பதற்குச் சான்று வேண்டுவோர் 1973 இல் இங்கிலாந்தில் ரிச்சி என்னும் மருத்துவர் வெளியிட்ட ஆய்வைக் கருதலாம். பெருங்குடலின் கீழ்ப்பகுதியிற் சிறு பலூனொன்றைச் செலுத்தி, அதனைச் சிறிது சிறிதாக ஊதி, எந்நிலையில் வலி தோன்றுகின்றது என அவர் கேட்டறிந்தார். 60 மில்லி லீற்றர் அளவில் இந்நோயாளருட் பாதிக்கு மேற்பட்டோர் வலியுணர்ந்தனர்; ஏனையோருள் அவ்வாறு உணர்ந்தவர் மிகச் சிலரே. ஒரே அளவு காற்று ஒருவர்க்கு வெறும் அசைவாகவும் மற்றவர்க்கு வேதனையாகவும் இருக்கின்றது. குடலின் உணர்ச்சியே கூர்மையடைந்துவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

குடற்சுவரில் மாத்திரம் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் அமைந்துள்ளன. மூளையின் கட்டளைக்குக் காத்திராமலே அவை குடலை அசைக்கவல்லன. ஆயினும் மூளையோடு இடையறாது செய்தி பரிமாறிக்கொண்டேயிருக்கும். 1822 இல் அமெரிக்காவின் மக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் இளைஞர் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளானார். காயம் ஆறியும், இரைப்பைக்குச் செல்லும் துவாரமொன்று வயிற்றில் நிலைத்துவிட்டது. அத்துவாரத்தின் வழியே வில்லியம் போமன்ற் என்னும் மருத்துவர் பல ஆண்டுகளாகச் சமிபாட்டை நோக்கினார். சென் மார்ட்டின் சினங்கொண்ட வேளைகளில் இரைப்பையின் நிலையும் மாறியதை அவர் குறித்து, 1833 இல் நூலாக வெளியிட்டார். மனம் கலங்க வயிறுங் கலங்குதல் எல்லார்க்கும் இயல்பு. எரிச்சற்குடலாளருக்கு அக்கலக்கம் மிகுதியாகின்றது. இதனால் நோய் மனப்பிரமை என்றாகாது. மனமும் குடலும் ஒரே கம்பியின் இரு முனைகள் என்பதே பொருந்தும்.

மனம் மட்டுமே காரணமுமன்று. 2000 ஆம் ஆண்டு மே மாதத்திற் கனடாவின் வாக்கேட்டன் என்னும் சிற்றூரிற் குடிநீரிற் கிருமிகள் கலந்தன. எழுவர் இறந்தனர், ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவ்வேளை வயிற்றோட்டம் கண்டவர்களை இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, மூன்றிலொரு பங்கினருக்கு மேல் எரிச்சற்குடல் நோய் இருந்தது. கிருமி போய்விட்டது, குடலின் கூருணர்ச்சி போகவில்லை.

நம் நாட்டிற் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் பாடசாலை மாணவரிடையே நடாத்திய ஆய்வுகளும், குடும்பத்திலும் பாடசாலையிலும் நேரும் மனஅழுத்தங்களோடு சிறுவரின் இந்நோய் தொடர்புற்றிருத்தலைக் காட்டியுள்ளன. பரீட்சை நாட் காலையில் ஒரு மாணவன் மும்முறை வெளியே போக அனுமதி கேட்பானாயின், அதனைக் கள்ளம் என்று ஆசிரியராகிய நாம் உடனே முடிவுகட்டுதல் முறையன்று.

உண்பதும் தவிர்ப்பதும்

வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் மருந்தொன்றின் பெயரையுங் கூறாது, பெரும்பகுதியை உணவின் அளவுக்கும் ஒவ்வாமைக்குமே ஒதுக்கினார். எரிச்சற்குடலாளருக்கு அது முற்றும் பொருந்தும். ஆனால், இங்கே பலரும் வழி தவறுகின்றனர். ஒரு நாள் பருப்பு உண்டபின் வலித்தால் பருப்பை விடுவர். மறுநாள் கத்தரிக்காயை விடுவர். பின்னர் பாலை விடுவர். ஆறு மாதத்தில் எஞ்சுவது சோறும் உப்புமே. உடல் மெலிகின்றது; வலி நின்றபாடில்லை.

செய்யத்தக்கது யாதெனில், முதலில் இரண்டு வாரங்களுக்குச் சிறு குறிப்புப் புத்தகமொன்று வைத்திருத்தலாம். உண்டது, உண்ட நேரம், உறங்கிய அளவு, அன்றைய கவலை, வயிற்றின் நிலை என்பவற்றை அதில் ஒவ்வொரு வரியாக எழுதிவருக. குற்றவாளி உணவன்று, விரைவில் விழுங்கியதோ காலை உணவைத் தவிர்த்ததோ உறக்கமின்மையோ என்பது சிலருக்கு இதனாலேயே புலப்படும். நேரந்தவறாது உண்ணுதல், மென்று உண்ணுதல், கோப்பியும் தேநீரும் நாளொன்றுக்கு மூன்று கோப்பைக்கு மேற்படாமை, மிளகாயைக் குறைத்தல் ஆகிய எளிய ஒழுங்குகளே பலருக்குப் போதியன.

போதாதவர்க்கு, அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த 'பொட்மாப்' குறைந்த உணவுமுறை உண்டு. சிறுகுடலில் நன்கு உறிஞ்சப்படாது பெருங்குடலை அடைந்து, அங்கே நீரை இழுத்தும் நுரைத்துக் காற்றை உண்டாக்கியும் வயிற்றைப் பொருமச் செய்யும் சில மாச்சத்து, சர்க்கரை வகைகளையே அப்பெயர் குறிக்கும். நம் அடுக்களையில் வெங்காயம், உள்ளி, கோதுமை மாப் பண்டங்கள், கடலை, பயறு, பால், மாம்பழம், வத்தகப்பழம் என்பன இவற்றைக் கூடுதலாகக் கொண்டவை. அரிசிச் சோறு, அரிசிமா இடியப்பம், அரிசிமாப் புட்டு, கரட், உருளைக்கிழங்கு, தோடம்பழம், பப்பாசிப்பழம் முதலியன பெரும்பாலும் ஏற்றவை. பாணை விட்டு இடியப்பத்துக்கு மாறுதல் நம்மவருக்குப் பெருந்துன்பமன்று. உள்ளியின் வாசனையை விடமுடியாதோர் முழுப் பற்களை எண்ணெயில் வதக்கிப் பின் எடுத்துவிடலாம். தொல்லை தரும் பொருள் நீரிற் கரையும், எண்ணெயிற் கரையாது. ஆகவே, கறி கொதிக்குமுன் அவற்றை நீக்கிவிடுதல் வேண்டும்.

இம்முறையில் மறக்கலாகாதது ஒன்றுண்டு. தவிர்ப்பது சில வாரங்களுக்கே. அதன்பின் ஒவ்வொரு பொருளாக மீண்டும் உண்டு பார்த்து, ஒவ்வாததை மாத்திரம் குறைத்து, ஏனையவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பால் ஒவ்வாத பலருக்குத் தயிர் ஒவ்வுகின்றது என்பது இவ்வாறே தெரியவரும். வளரும் பிள்ளைகளுக்கும் ஏற்கனவே மெலிந்தோருக்கும் உணவியலாளரின் மேற்பார்வையின்றி இதனைத் தொடங்குதல் ஆகாது. நார்ச்சத்திலும் வேறுபாடு அறிதல் நன்று. கோதுமைத் தவிடு சிலருக்குப் பொருமலைக் கூட்டும். நீரிற் கரைந்து குழம்பாகும் இசப்புக்கோல் உமி பெரும்பாலும் நன்மை தரும். அதனைச் சிறிய அளவில் தொடங்கி, போதிய நீருடன் அருந்துதல் வேண்டும்.

மருந்தும் மனமும்

குடலின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள், கழிச்சலை அடக்குவன, மலத்தை இளக்குவன, புதினா வகையின் எண்ணெய் அடைத்த குளிசைகள் எனப் பலவுள. எது பொருந்துமென்று வைத்தியரே தெரிதல் வேண்டும். மனச்சோர்வுக்குரிய அமித்திரிப்ரிலின் என்னும் மருந்தை மிகச் சிறிய அளவிற் கொடுப்பதும் உண்டு. அதனைக் கண்டு "எனக்கென்ன பைத்தியமா?" என்று வெகுளவேண்டாம். இங்கிலாந்தில் 463 நோயாளரிடையே நடாத்தி 2023 இல் வெளியிட்ட பரிசோதனையில், நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரையான அளவு குடலின் தொல்லையைத் தணித்தமை தெளிவாயிற்று. அங்கே அது குடல் நரம்புகளின் மிகையுணர்ச்சியைத் தணிக்கும் மருந்தாகவே பயன்பட்டது. 1984 இல் மான்செஸ்ரர் நகரில் மருத்துவர் பீற்றர் வோர்வெல் மனவசியச் சிகிச்சையாற் கடும் நோயாளர் பலர் தேறியதை அறிவித்தார். நாள்தோறும் நடைப்பயிற்சியும் அமைதியாக மூச்சை இழுத்து விடும் பழக்கமும் யாவர்க்கும் இயல்வன.

காலை உணவுக்குப்பின் பெருங்குடல் அசைதல் இயற்கை. வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் அவ்வுந்துதலை அடக்குவோர் அரைமணி முன்னதாக எழுந்து உண்டால், பாதி அச்சம் நீங்கும்.

அஞ்ச வேண்டியவை

வயிற்றுத்தொல்லை அனைத்தையும் இந்நோயின் தலையிற் போட்டுவிடுதலும் ஆபத்தே. மலத்துடன் இரத்தம் போதல், முயலாமலே எடை குறைதல், உறக்கத்தினின்றும் எழுப்பும் கழிச்சல், இரத்தச்சோகை, காய்ச்சல், ஐம்பது வயதை அணுகியபின் புதிதாகத் தோன்றும் மாற்றம், குடும்பத்திற் குடற்புற்றுநோய் வந்திருத்தல் என்பவற்றுள் ஒன்றேனும் காணப்படின் கைமருந்தோடு காலங்கழிக்காது வைத்தியரை நாடுதல் வேண்டும். வெட்கத்தால் மறைப்போருக்கு நேரும் பெருங்கேடு இதுவே. எரிச்சற்குடல் உயிரைக் கொல்லாது; அதன் பெயரால் மறைக்கப்படும் வேறு நோய் கொல்லலாம்.

இல்லத்தார் கடமை

இந்நோய் முற்றாக மாறுமா என்று கேட்பர். சிலருக்கு ஆண்டுகள் செல்ல அடங்கிவிடுகின்றது. பலருக்கு வந்து வந்து போகின்றது. அடியோடு அகற்றுவதே இலக்கு என்று கொண்டால் மனஞ்சோரும். வேலைக்குப் போகவும் விருந்துக்குச் செல்லவும் பயணஞ் செய்யவும் இயலும் அளவுக்கு அதனைத் தணித்து வைத்திருத்தலே இலக்கு என்று கொண்டால், அது கைகூடுவதாகும்.

இதில் வீட்டாருக்கும் பெரும்பங்குண்டு. விருந்தினரை "இன்னுங் கொஞ்சம்" என்று வற்புறுத்தி உண்பித்தலை நாம் அன்பெனக் கருதுகின்றோம். ஒருவர் போதுமென்று கையை மறித்தால் அங்கேயே நிறுத்துவதும் அன்புதான். பயணத்தினிடையே ஒருவர் இறங்கிப் போய்வர வேண்டுமென்றால், நகையாது வண்டியை நிறுத்துங்கள். உள்ளியில்லாத கறியொன்றை ஒருவருக்காகத் தனியே எடுத்துவைக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அது சிறு வேலை. "உன் நோயை நான் நம்புகின்றேன்" என்ற செய்தி அதனுள் அடங்கியிருக்கின்றது. நோயாளர் மருந்துக்கடையில் வாங்கமுடியாத மருந்து அது ஒன்றே.