பத்தாயிரம் டாலர் கணக்கு

போன வருஷம் அக்கா குடும்பம் வேலை மாற்றலில் அமெரிக்கா கிளம்பியது. நாலு பேர். வாடகை அட்வான்ஸுக்கும் முதல் மாசச் செலவுக்கும் ஆகட்டும் என்று அத்தான் ஆளுக்கு 3,000 டாலர் நோட்டாக வாங்கிவிட்டார். ஒரு பயணத்துக்கு ஒருவர் நோட்டாக எடுத்துப்போக ரிசர்வ் வங்கி பொதுவாக அனுமதிக்கும் அளவு அது. மொத்தம் 12,000.

கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது போன். "மாப்ளே, 10,000-க்கு மேல இருந்தா அங்க பிடுங்கிக்குவாங்களாமே? நமக்கு ஆளுக்கு மூவாயிரம்தான, பயமில்லைல்ல?"

ரெண்டுமே தப்பு. அமெரிக்காவுக்குள் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், உச்சவரம்பே கிடையாது. 10,000 டாலரைத் தாண்டினால் சுங்கத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஃபின்சென் 105 என்று ஒரு படிவம். கட்டணம் இல்லை, வரியும் இல்லை. ரூபாய், யூரோ, டிராவலர்ஸ் செக் எல்லாம் கணக்கில் சேரும். கிரெடிட் கார்டு சேராது.

அடுத்தது, சேர்ந்து வரும் குடும்பத்துக்கு ஒரே கணக்கு. அத்தானின் 12,000 சொல்ல வேண்டிய தொகைதான். சொல்லாமல் தப்பிக்க ஆளாளுக்குப் பிரித்து வைத்துக்கொள்வதும் குற்றம்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 1994-ல் ஹோசெப் பஜகஜியன் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்து குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பினார். (வெளியே போகும்போதும் இதே விதிதான்.) கையில் 3,57,144 டாலர். கேட்டபோது 15,000 என்றார். அது கடன் அடைக்க வைத்திருந்த நேர்மையான பணம் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. இருந்தும் அரசு முழுப் பணத்தையும் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றத்துக்கு இது பொருந்தாத தண்டனை என்று 1998-ல் தீர்ப்பு வந்தது, அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில். 2001-ல் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள். கணக்குக் காட்டாமல் இருக்கப் பணத்தை ஒளித்து எடுத்துப்போனால் 5 வருஷம் வரை சிறை. நல்ல பணம்தானே என்ற வாதம் அங்கே முழுசாகக் காப்பாற்றாது.

அத்தானிடம் சொன்னது இதுதான்: டாலர் வாங்கிய ரசீது கைப்பையில் இருக்கட்டும், கேட்டால் முழுத்தொகையையும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அப்படியே செய்தார். படிவம் கொடுத்தார்கள், எண்ணினார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம்.

இந்தியா திரும்பும்போதும் இப்படி ஒன்று உண்டு. வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, டிராவலர்ஸ் செக்கோடு சேர்த்து 10,000-ஐத் தாண்டினாலோ இங்கேயும் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரியாக 10,000 யூரோ இருந்தாலே சொல்லியாக வேண்டும். கிளம்புமுன் போகிற நாட்டின் சுங்கத்துறைப் பக்கத்தை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.