மிதக்கும் வீட்டின் கழிவுநீர்

கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் சில சிற்றூர்கள் நீரிலேயே மிதக்கின்றன. மழைக்காலத்தில் ஏரியின் நீர்மட்டம் சுமார் 8 மீட்டர் உயரும். வீடுகளும் உடன் உயரும். குழி தோண்டவோ குழாய் பதிக்கவோ அங்கே நிலம் ஏது? குளிப்பதும் சமைப்பதும் ஏரிநீரில்தான். கழிவு விழுவதும் அதிலேதான். இதனால் வயிற்றுப்போக்கிற்கு எளிதில் ஆளாவோர் குழந்தைகளே.

இச்சிக்கலுக்கு இரு தொட்டிகள் உதவுகின்றன. முதலாவது மூடிய தொட்டி. அதில் சேரும் கழிவைக் காற்றின்றி வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. பிறகு, அந்நீர் ஆகாயத்தாமரை வளரும் மிதவைத் தொட்டிக்குச் செல்கிறது. செடியின் அடர்ந்த வேர்களில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் எஞ்சிய கழிவைப் பெருமளவு நீக்குகின்றன. நீர்நிலைகளை அடைத்துத் தொல்லை தரும் அதே செடிதான் இங்கே துணைக்கு வருகிறது! மின்சாரமும் தேவையில்லை. ஆயினும், வெளியேறும் நீர் குடிப்பதற்கு உகந்ததன்று. ஏரிநீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும்.