கெடு தவறாமல் வேலை முடிக்கக் கம்ப்யூட்டர்

புரோகிராம் என்றதும் பலருக்கு சி, ஜாவா என்று நினைவுக்கு வரும். புரோகிராம் மேனேஜ்மென்ட் அதுவல்ல. ஒரே நோக்கத்துக்காக நடக்கும் பல புராஜெக்ட்களைச் சேர்த்து நிர்வகிப்பதே அது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதை வீட்டிலேயே செய்யலாம்.

மீதி எத்தனை நாள்?

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சீரமைக்க முதலில் ஆறு மாதக் கெடு. பிறகு அது மூன்று மாதமானது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் வேலையை முடித்தார். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ பணிகளை நடத்தியபோது, மீதமுள்ள நாட்களைக் காட்டும் போர்டுகளை அவர் வைக்கச் செய்தார். அதன் முதல் பாதை 2002 டிசம்பரில் திறக்கப்பட்டது.

அதே போர்டை எக்ஸெலிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ நீங்களும் தயாரிக்கலாம். ஒரு செல்லில் இறுதித் தேதியை டைப் செய்யுங்கள். அடுத்த செல்லில் அந்தத் தேதியிலிருந்து டுடே பங்ஷனைக் கழிக்கும் பார்முலாவைக் கொடுங்கள். விடை தேதியாகத் தெரிந்தால், செல் பார்மட்டை நம்பர் என்று மாற்றுங்கள். இனி பைலைத் திறக்கும் போதெல்லாம் மீதி நாட்கள் தெரியும்.

எந்த வேலை முக்கியம்?

மதுரை வில்லாபுரத்தில் வாடகைக்கு இருப்பவர், அங்கேயே வங்கிக் கடனில் வீடு கட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். தாமதமானால் வாடகை, வட்டி இரண்டும் சேர்ந்து கடிக்கும். கட்டுமானம், கடன், மின் இணைப்பு ஆகியவை தனித்தனி புராஜெக்ட்கள். மூன்றும் சேர்ந்தால் புரோகிராம்.

கட்டுமானத்தில் மீதியுள்ள வேலை இது: கூரைக் கான்கிரீட் 1 நாள், சென்ட்ரிங் பிரிக்கும் வரை 14, பூச்சு 12, டைல்ஸ் 8, பெயின்டிங் 6. மொத்தம் 41 நாட்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. இந்தச் சங்கிலிக்கு கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் 1950களின் இறுதியில் உருவான முறை இது. பூச்சு வேலை இரண்டு நாள் தள்ளினால் கிரகப்பிரவேசமும் இரண்டு நாள் தள்ளும்.

கதவுகள் செய்யத் தச்சருக்கு 20 நாள் போதும். பெயின்டிங்குக்கு முன், அதாவது 35 நாட்களுக்குள் வந்தால் சரி. இங்கே 15 நாள் அவகாசம் உண்டு. தச்சரை விரட்டுவதால் வீடு சீக்கிரம் முடியாது. பூச்சுக்கு ஆள் சேர்த்தால் முடியும்.

கால்க்கில் வேலை, பொறுப்பாளர், தொடக்கம், நாட்கள், முடிவு என ஐந்து காலம் போடுங்கள். ஒரு வேலை முடியும் தேதியை அடுத்த வேலையின் தொடக்கத்தோடு பார்முலாவால் இணையுங்கள். ஒன்றை மாற்றினால் பின்னால் உள்ளவை தானாக மாறும். இதையே பட்டைகளாகப் பார்க்க விரும்பினால் கேன்ட் புராஜெக்ட் என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள்.