உச்சரிப்பும் உபாத்தியாயரும்

'ஷிபோலேத்' என்பதனைச் 'சிபோலேத்' என்றுரைத்தமையால் எப்பிராயீமர் யோர்தான் துறைகளில் மாண்ட வரலாற்றை நியாயாதிபதிகள் ஆகமம் கூறும். பல தேயத்து மாணாக்கர் ஒருங்கு பயிலும் வகுப்புகளில், அயலோசை கேட்ட மாத்திரத்தே அறிவுங் குறைவென எண்ணும் உபாத்தியாயர் இன்றும் இலரல்லர்.

தாய்மொழியின் ஒலிகள் இளமையிலேயே செவியிலும் நாவிலும் பதிகின்றன. ஆதலின், பின்னர்க் கற்கும் மொழியில் அவற்றின் சாயல் தோன்றுதல் இயல்பேயன்றி அறியாமையன்று. 1995-இல் கானடா தேசத்து அறிஞராகிய மன்ரோ, டெர்விங் என்போர், சீனமொழியாளர் பேசிய ஆங்கிலத்தை, அதனைத் தாய்மொழியாகவுடையோர் கேட்டெழுதுமாறு செய்தனர். அயலோசை மிக்கனவென்று அவர்கள் மதிப்பிட்ட வாக்கியங்களுட் பல, பிழையின்றியே எழுதப்பட்டிருந்தன. ஆகவே, ஓசை வேறு. பொருள் விளங்குதல் வேறு.

பொருள் மயங்குமிடத்துத் திருத்துதல் உபாத்தியாயர் கடனே. மயங்காவிடத்து ஓசையைப் பழித்தலோ மாணாக்கன் வாயை அடைப்பதாகும். வாய் திறவாதவன் மொழி பயில்வது எங்ஙனம்?